யாருடைய இடது பக்கம்? - வீடியோ கேம் கைடுகள் வார்த்தையைத் திருத்திக்கொண்ட கதை

"நேரா போங்க, பிள்ளையார் கோவில் வரும், அங்க இடது பக்கம் திரும்புங்க."

தெரியாத ஊரில் இப்படி வழி கேட்டுப் போய்த் திண்டாடாதவர் யாரும் இருக்க முடியாது. கோவிலைப் பார்த்து நிற்கும்போது இடதா? கோவிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடதா? சொன்னவருக்கு அவருடைய ஊர் தெரியும், அதனால் அவர் சொன்னதில் அவருக்குக் குழப்பமே இல்லை. கேட்டவர்தான் வெயிலில் நிற்கிறார்.

வீடியோ கேம் கைடுகளின் வரலாறும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு கேமை முடிப்பது எப்படி, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எந்த எதிரிக்கு எந்த ஆயுதம் என்று விளையாடியவர்களே மற்றவர்களுக்காக எழுதி வைத்தவை இந்தக் கைடுகள். சம்பளம் கிடையாது. எடிட்டர் கிடையாது. எழுதியவர் ஒரு நாட்டில், படிப்பவர் இன்னொரு நாட்டில். இந்த நிலையில் ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டால் என்ன ஆகும்? (இரட்டை அர்த்தம் என்றதும் சினிமா காமெடி வசனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு!) முப்பது நாற்பது மணி நேரம் விளையாடி சேமித்து வைத்த ஆட்டம் வீணாகும். அந்தப் பிரச்னையை விளையாட்டுப் பிள்ளைகளே எப்படிச் சரி செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் குழப்பம்: வலது

1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை கேமை வெளியிட்டது. காசு போட்டு விளையாடும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதில் ரியு என்ற வீரன் கையிலிருந்து நெருப்புப் பந்து போல ஒன்றை வீசுவான். ஹடோகென் என்று பெயர். அதை வரவழைக்க ஸ்டிக்கை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்ப வேண்டும். கீழே, கீழ்-வலது, வலது, பிறகு குத்து பட்டன்.

எழுதிப் பார்த்தால் சுலபம். ஆனால் எதிராளி ஒரே தாவில் ரியுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால்? இப்போது ரியு இடது பக்கம் பார்த்து நிற்கிறான். அதே வரிசையைப் போட்டால் பந்து வராது. கீழே, கீழ்-இடது, இடது என்று போட வேண்டும். "வலது" என்று எழுதிய கைடு பாதி நேரம் சரி, பாதி நேரம் தப்பு.

எனவே எழுதுபவர்கள் வலது, இடது இரண்டையும் தூக்கிப் போட்டார்கள். "முன்னே", "பின்னே" என்று எழுதத் தொடங்கினார்கள். முன்னே என்றால் எதிராளி இருக்கும் திசை. திரையில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் இது மாறாது. திசையைத் திரையிலிருந்து எடுத்து ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது.

பிறகு சோம்பேறித்தனம் வந்தது. 'ஃபார்வர்டு' என்று முழுதாக எழுதாமல் 'எஃப்', 'பேக்' என்பதற்கு 'பி' என்று சுருக்கினார்கள். அங்கே அடுத்த சிக்கல். சூப்பர் நின்டெண்டோவின் கன்ட்ரோலரிலேயே 'பி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. இப்போது 'பி' என்றால் பின்னே போவதா, பட்டனை அமுக்குவதா? இதற்காகத்தான் நல்ல கைடுகளின் தொடக்கத்தில் எந்தச் சுருக்கத்துக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் வந்தது. பலர் அதைத் தாண்டிக் குதித்துப் போவார்கள். உண்மையில் முழுக் கைடும் நிற்பது அந்தப் பட்டியலின் மேல்தான்.

ஜப்பான் விளையாட்டு வீரர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள எண் பலகையைத் திசைகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். நடுவில் 5, அதாவது ஸ்டிக்கைத் தொடாத நிலை. 6 முன்னே, 4 பின்னே, 2 கீழே, 8 மேலே. ஹடோகென் என்பது 236. மொழியே தேவையில்லை! உலகம் முழுக்க இன்றும் சண்டை கேம் ஆடுபவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. டெலிபோனில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கீபோர்டில் 7, 8, 9 மேலே இருக்கும். போனை மனதில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு 2 என்றால் மேலே. அதனால் "இது கீபோர்டு எண் பலகை, வீரன் வலது பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரியும் சேர்க்க வேண்டி வந்தது. குழப்பத்தைத் தீர்க்க வந்த முறைக்கே ஒரு விளக்கவுரை!

ஒரே பெயரில் இரண்டு கப்பல்

பி.காம். படிப்பவர்களுக்கு ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் வரும் 'பியர்லெஸ்' கப்பல் வழக்கு ஞாபகம் இருக்கலாம். பம்பாயிலிருந்து பியர்லெஸ் என்ற கப்பலில் வரும் பஞ்சை வாங்குவதாக ஒப்பந்தம். ஆனால் அதே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று அக்டோபரில் கிளம்பியது, மற்றது டிசம்பரில். வாங்கியவர் முதலாவதை நினைத்தார், விற்றவர் இரண்டாவதை நினைத்தார். 1864-ல் இங்கிலாந்து நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. இருவர் மனதிலும் ஒரே பொருள் இல்லையென்றால் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் கப்பல் இரண்டல்ல, மூன்று.

ஜப்பான் பதிப்பில் குத்துச்சண்டை வீரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் எம். பைசன். ஆளைப் பார்த்தாலும் பெயரைக் கேட்டாலும் மைக் டைசன் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் இப்படியே விட்டால் டைசன் வழக்குப் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வெளிநாட்டுப் பதிப்புகளில் மூன்று வில்லன்களின் பெயர்களைச் சுற்றி மாற்றினார்கள். குத்துச்சண்டை வீரன் பால்ராக் ஆனான். கையில் நகம் மாட்டிக்கொண்டு முகமூடியோடு வரும் ஸ்பெயின்காரன் ஜப்பானில் பால்ராக், வெளியே வேகா. கடைசியில் வரும் சர்வாதிகாரி ஜப்பானில் வேகா, வெளியே எம். பைசன்.

இப்போது "வேகாவை எப்படி அடிப்பது" என்று ஒரு கைடு சொன்னால், எந்த வேகா? ஜப்பான்காரர் எழுதியதை அமெரிக்கர் படித்தால் ஆளே மாறிவிடும். அடிக்கும் முறையும் மாறிவிடும்.

யார் பெயர் சரி என்று சண்டை போட்டிருந்தால் இன்றுவரை முடிந்திருக்காது. விளையாட்டு வீரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். பெயர்களை விட்டுவிட்டு, பார்த்தால் தெரியும் அடையாளத்தை எடுத்துக்கொண்டார்கள். பாக்ஸர், க்ளா, டிக்டேட்டர். அதாவது குத்துச்சண்டைக்காரன், நகக்காரன், சர்வாதிகாரி. போட்டிகளில் வர்ணனை செய்பவர்கள் இன்றும் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகன் இருந்தால் 'டெய்லர் முருகன்', 'பால்கார முருகன்' என்று சொல்வதில்லையா? அதேதான்.

அதே கேமில் ஜெயித்த பிறகு ரியு பேசும் ஒரு வசனமும் பெரிய கூத்தை உண்டாக்கியது. தன்னுடைய 'ஷோர்யுகென்' என்ற குத்தை முறியடிக்காத வரை உனக்கு வெற்றி இல்லை என்பதுதான் ஜப்பானிய வசனம். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் 'ஷெங் லாங்' என்று போட்டதால் அது ஒரு ஆளின் பெயர் போல ஆகிவிட்டது. ஷெங் லாங் யார், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடல் ஆரம்பித்தது. 1992 ஏப்ரலில் 'எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி' என்ற அமெரிக்கப் பத்திரிகை, அவனைச் சந்திக்க வழி இதோ என்று ஏப்ரல் ஃபூல் ஜோக் ஒன்றை வெளியிட்டது. அதை நம்பி எத்தனை பேர் எத்தனை காசைப் போட்டார்களோ! ஒரு குத்தின் பெயரை மனிதனின் பெயராக எழுதியதற்கு விளையாடியவர்கள் கொடுத்த விலை அது.

எந்த மூன்றாம் பாகம்?

எண் போட்டுவிட்டால் குழப்பமே வராது என்று கணக்குப் படிப்பவர்கள் நினைக்கலாம். 'ஃபைனல் ஃபேண்டஸி' கதையைக் கேளுங்கள்.

ஜப்பானில் வந்த இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் பாகங்கள் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆகவே 1991-ல் வந்த நான்காம் பாகம் அங்கே '2' என்ற எண்ணோடு விற்கப்பட்டது. 1994-ல் வந்த ஆறாம் பாகம் '3' ஆனது. 1997-ல் வந்த ஏழாம் பாகத்துக்கு மட்டும் எல்லா நாட்டிலும் '7' என்றே போட்டார்கள். 3-க்கு அடுத்து 7! பல அமெரிக்கப் பிள்ளைகள் நடுவில் மூன்று கேம்களைத் தவறவிட்டோமோ என்று விழித்தார்கள்.

அப்புறம் 2006-ல் உண்மையான மூன்றாம் பாகம் புது வடிவில் நின்டெண்டோ டி.எஸ்.ஸில் வெளியே வந்தது. ஆக '3' என்ற தலைப்பில் ஒரு பழைய கைடு கிடைத்தால் அது எந்தக் கேமுக்கு? எழுதிய வருடத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கைடு எழுதுபவர்கள் 'ஜப்பான் எண் 6, அமெரிக்க எண் 3' என்று இரண்டையும் சேர்த்துத் தலைப்பிலேயே போட்டார்கள். இன்வாய்ஸில் பெயரோடு பொருளின் கோடு எண்ணையும் எழுதுவது மாதிரி.

பட்டன்களும் இப்படித்தான். ப்ளேஸ்டேஷனில் ஜப்பானியர்களுக்கு வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். நாம் பரீட்சைப் பேப்பரில் பார்ப்பது டிக் குறி, அவர்கள் பார்ப்பது வட்டம். மேல்நாடுகளில் பெரும்பாலான கேம்களில் இது தலைகீழ். 2020-ல் வந்த ப்ளேஸ்டேஷன் 5-ல்தான் ஜப்பானிலும் பெருக்கல் குறியே 'சரி' பட்டன் ஆனது. நின்டெண்டோவில் 'ஏ' வலது ஓரத்தில் இருக்கும், 2001-ல் வந்த எக்ஸ்பாக்ஸில் 'ஏ' கீழே இருக்கும். எனவே புத்திசாலிக் கைடுகள் பட்டனின் பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்லின. "சரி பட்டன்", "தாவும் பட்டன்" என்று.

79 எழுத்துக்குள் ஒரு உலகம்

1995 நவம்பரில் ஜெஃப் வீசி என்ற அமெரிக்கர், அங்கங்கே சிதறிக் கிடந்த கைடுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஒரு தளம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'கேம்ஃபேக்ஸ்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. ஆரம்பத்தில் அங்கே இருந்தவை சுமார் 100 கைடுகள்தான். 2003-ல் சிநெட் நிறுவனம் அதை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது.

அங்கே வந்த கைடுகள் படமில்லாத வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு வரிக்கு 79 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. வரைபடம் வேண்டுமென்றால் கோடு, புள்ளி, நட்சத்திரக் குறிகளை வைத்தே வரைய வேண்டும். படம் காட்டித் தப்பிக்க முடியாது என்பதால் வார்த்தையில் கவனம் கூடியது.

இந்தக் கைடுகளில் இன்னொரு சிறப்பு, பதிப்பு வரலாறு. முதல் பதிப்பில் என்ன இருந்தது, அடுத்ததில் எந்த வரி மாறியது, யார் தவறைச் சுட்டிக்காட்டினார் என்று தேதியோடு எழுதி வைப்பார்கள். படிப்பவர் மின்னஞ்சல் அனுப்புவார், எழுதியவர் மீண்டும் விளையாடிப் பார்ப்பார், திருத்துவார், கடைசியில் நன்றி சொல்வார். கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவை அழிக்காமல் திருத்தப் பதிவு போடுவது போல. எது எப்போது ஏன் மாறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒன்றா, நான்குமா?

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு ஈட்டியின் கதை.

2006-ல் ப்ளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 12'-ல் 'ஸோடியாக் ஸ்பியர்' என்று மிகப் பலமான ஈட்டி ஒன்று உண்டு. அது ஒரு பெட்டியில் இருக்கும். ஆனால் அதற்கு முன் வழியில் வரும் நான்கு குறிப்பிட்ட பெட்டிகளைத் தொடவே கூடாது. கேமில் இதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் கிடையாது. அந்த நான்கும் பார்ப்பதற்கு மற்ற பெட்டிகள் போலவேதான் இருக்கும். கைடு படிக்காதவர் திறந்தே தீருவார்.

சரி, கைடு படிப்பவர்? "நான்கு பெட்டிகளையும் திறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தால் என்ன புரிந்துகொள்வார்? நான்கையும் சேர்த்துத் திறந்தால்தான் தப்பு, மூன்று திறந்தால் பரவாயில்லை என்றும் படிக்கலாம். உண்மை என்னவென்றால் ஒன்றைத் திறந்தாலும் போச்சு. "நான்கில் ஒன்றைக் கூடத் திறக்காதீர்கள்" என்பதுதான் சரியான வாக்கியம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு உம்மை, ஒரு 'கூட'. முதல் பெட்டி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், ஈட்டி இருக்கும் இடம் பல மணி நேரம் தள்ளி. அங்கே போய் ஏமாந்த பிறகு திரும்பி வந்து திருத்த முடியாது. மிக அரிதாக இன்னொரு இடத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

கதை இதோடு முடியவில்லை. 2007-ல் ஜப்பானில் வந்த திருத்திய பதிப்பிலும், அதை அடிப்படையாக வைத்து 2017-ல் வந்த 'தி ஸோடியாக் ஏஜ்' பதிப்பிலும் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய கைடை வைத்துக்கொண்டு புதுக் கேம் விளையாடுபவர் பெட்டிகளைப் பார்த்து அனாவசியமாகப் பயப்படுவார். எந்தப் பதிப்புக்கு இந்த அறிவுரை என்பதும் வாக்கியத்தின் ஒரு பகுதிதான்.

எல்லோரும் திருத்தலாம் என்ற காலம்

2001-ல் விக்கிபீடியா வந்த பிறகு கேம் கைடுகளும் விக்கி வடிவத்துக்கு மாறின. 1990-களிலேயே தொடங்கிய 'அன்அஃபிஷியல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேஜஸ்' 2005-ல் விக்கியாக மாறியது ஒரு உதாரணம். கைடு ஒருவருடைய சொத்தாக இருந்தது போய், பொதுச் சொத்தானது. மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். தவறைப் பார்த்தவரே திருத்தலாம்.

'மைன்கிராஃப்ட்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விவசாயம் செய்யத் தண்ணீர் வேண்டும். "நான்கு கட்டை தூரம் வரை நிலம் ஈரமாகும்" என்றால் நேர்கோட்டில் மட்டுமா, மூலைவாட்டிலுமா? நேர்கோட்டில் மட்டும் என்று நினைப்பவர் நிலத்தின் பெரும்பகுதியைத் தரிசாக விடுவார். மூலையும் சேரும் என்பதுதான் உண்மை. எனவே "9-க்கு 9 சதுரம், நடுவில் தண்ணீர்" என்று சொன்னால் தீர்ந்தது. ஒரு கட்டை தண்ணீருக்கு 80 கட்டை நிலம். கணக்கு நேராக வந்துவிடுகிறது.

சில இடங்களில் குழப்பம் கைடில் இல்லை, கேமிலேயே இருக்கும். 1996-ல் வந்த முதல் தலைமுறை 'போக்கிமான்' கேம்களில் சில தாக்குதல்களுக்கு 100 சதவீதம் குறி தப்பாது என்று இருக்கும். ஆனால் தப்பும்! உள்ளே 0 முதல் 255 வரை ஒரு எண்ணைத் தற்செயலாக எடுத்து, அது 255-ஐ விடச் சிறியதா என்று கேம் பார்க்கும். 255-ஏ வந்துவிட்டால் அடி தவறிவிடும். ஆக 256-ல் ஒரு தடவை 100 சதவீதமும் பொய்யாகும். 'சிறியது', 'சிறியது அல்லது சமம்' என்ற வித்தியாசம் அது. கேமின் நிரலைப் பிரித்துப் படித்தவர்கள் வழியாக இது கைடுகளில் விளக்கமாக ஏறியது.

எண்ணிக்கையை எங்கே ஆரம்பிப்பது என்பதும் அப்படித்தான். சண்டை கேமில் ஒரு விநாடியை 60 ஃபிரேமாகப் பிரிப்பார்கள். ஒரு குத்து நான்காவது ஃபிரேமில் படும் என்றால் சிலர் 4 என்று எழுதுவார்கள். சிலர் படுவதற்கு முன் உள்ளதை மட்டும் எண்ணி 3 என்று எழுதுவார்கள். இரண்டும் சரிதான், எது என்று மேலே எழுதியிருந்தால். மாற்றுச்சீட்டின் முதிர்வுத் தேதியைக் கணக்கிடும்போது எழுதிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று சட்டமே சொல்லித் தந்திருப்பதால்தான் அங்கே சண்டை வருவதில்லை!

தெளிவான தவறு

இதிலெல்லாம் ஓர் ஆபத்தும் உண்டு. மங்கலான ஒரு வரியைப் பார்த்து, சரியான பதில் தெரியாமலேயே, படிக்க நன்றாக இருக்கட்டும் என்று ஒருவர் திருத்திவிடலாம். "இரவில் எதிரிகள் அதிகம் வருவார்கள்" என்பதை "இரவில் இரண்டு மடங்கு வருவார்கள்" என்று மாற்றினால் வாக்கியம் தெளிவாகிவிடும். உண்மையாகுமா? மங்கலான வரியைப் படிப்பவர் கொஞ்சம் சந்தேகப்படுவார், ஜாக்கிரதையாக இருப்பார். தெளிவான தவறை அப்படியே நம்பிவிடுவார். அதனால்தான் நல்ல கைடு எழுதுபவர்கள் திருத்துவதற்கு முன் மீண்டும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார்கள்.

முப்பது வருடங்களாக இவர்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கினால் நான்கு கேள்விகள் வரும். திசை யாருடையது? பெயர் எந்த ஊர்ப் பெயர்? 'எல்லாம்' என்றால் ஒவ்வொன்றுமா, மொத்தமாகவா? எந்தப் பதிப்புக்கு? நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர்களுக்கும், வாடகை ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கும், நாளைக்கு ஆடிட் ரிப்போர்ட் எழுதப் போகிறவர்களுக்கும் இந்த நான்கும் பொருந்தும்.

கைடை எழுதியவர் படிப்பவரின் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு, திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு பையனிடம் இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான். அவன் யாரென்று தெரியாமலேயே அவனுக்காக ஒரு 'கூட' சேர்த்துவிட்டுப் போனவர்களின் வரலாறு இது.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் வழி கேட்டால், "இடது பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். கோவிலைப் பார்த்து நிற்க வேண்டுமா, முதுகைக் காட்டி நிற்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் :-)